கிளைச் சங்கத்துக்கு ஓர் இணையதளம்: திறந்தால் போதாது, நடத்த வேண்டும்

கடையைத் திறப்பது ஒரு நாள் வேலை. நடத்துவது ஆயுள் முழுக்க உள்ள வேலை. வணிகர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சங்கத்தின் பெயரால் ஓர் இணையதளம் தொடங்கும்போது மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம். விழா எடுக்கிறோம், சிறப்பு விருந்தினரை அழைத்துப் பொத்தானை அமுக்கச் சொல்கிறோம், இனிப்பு வழங்குகிறோம். மறுநாள் முதல் அந்தத் தளம் ஷட்டர் பாதி இறங்கிய கடையைப் போலக் கிடக்கிறது.

எங்கள் கிளையிலும் அப்படித்தான் நடந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். மற்றக் கிளைகள் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க இது உதவும் என்பதே காரணம்.

2014-ஆம் ஆண்டுப் பொதுக்குழுவில் எங்கள் தளம் தொடங்கப்பட்டது. உறுப்பினர் ஒருவரின் மருமகன், அப்போது கல்லூரி மாணவர், கைக்காசு வாங்காமல் செய்து கொடுத்தார். முகப்பில் நிர்வாகிகளின் புகைப்படங்கள், அடுத்து வாழ்த்துரை, அதற்கடுத்து விழாப் படங்கள். மூன்று ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்து, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தபோதும் எங்கள் தளத்தில் 'வாட்' வரி பற்றிய குறிப்புகளே இருந்தன.

இதுவரை நடந்தது வெறும் சோம்பல். அடுத்து நடந்தது ஓர் உறுப்பினருக்கு நஷ்டம்.

பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், தராசுக்கு முத்திரை போடும் முகாம் எப்போது என்று எங்கள் தளத்தில் பார்த்திருக்கிறார். ஒரு தேதியும் மாதமும் இருந்தன; ஆண்டு இல்லை. அது முந்தைய ஆண்டு போட்ட அறிவிப்பு. அவர் கடையைப் பூட்டிவிட்டு, மின்னணுத் தராசைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்து வந்தார். முகாம் இல்லை. அந்த ஆண்டின் முகாம் மூன்று வாரங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. திரும்பிப் போனவர் வேலை நெருக்கடியில் முத்திரையைத் தள்ளிப் போட, கெடு தாண்டிய நிலையில் ஆய்வுக்கு ஆள் வந்தது. அபராதம் கட்டினார்.

ரசீதைக் கொண்டுவந்து சங்க அலுவலக மேசையில் வைத்தார். "நம்ம சங்கம் போட்ட தேதிதானே அண்ணாச்சி, அதை நம்பித்தானே வந்தேன்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அபராதத் தொகையைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பதென்று செயற்குழுவில் தீர்மானித்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். "பணம் கிடக்கட்டும். அந்தத் தேதியை முதல்ல எடுங்க" என்றார்.

எடுக்கலாம் என்று பார்த்தால், தளத்துக்குள் நுழையும் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. செய்து கொடுத்த தம்பி வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். தேடிப் பிடித்துக் கேட்பதற்குள், 2019-இல் தள முகவரியின் பதிவுக் காலமே முடிந்து போயிற்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய பழைய கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. சில மாதங்களில் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரங்கள் வந்து நின்றன. அந்த முகவரியை நாங்கள் டைரியிலும் காலண்டரிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சடித்துக் கொடுத்திருந்தோம்.

புதிய முகவரியில் மீண்டும் தொடங்கினோம். இந்த முறை விழா எடுக்கவில்லை. கற்றுக் கொண்டதைத் தலைப்பு வாரியாகக் கீழே தருகிறோம்.

யாருக்காக, எதற்காக?

நிர்வாகிகளின் படத்தைப் பார்க்க யாரும் இணையதளத்துக்கு வருவதில்லை. இது சற்றுக் கசப்பான உண்மைதான்; ஆனாலும் ஏற்றுக் கொள்ளத்தான் வேண்டும். கிளைச் சங்கத்தின் தளத்துக்கு மூன்று வகையினர் வருகிறார்கள். தேதி, படிவம், தொலைபேசி எண் தேடி வரும் உறுப்பினர் முதல் வகை. ஊருக்குப் புதிதாகக் கடை போட வந்து, சங்கத்தில் சேருவது எப்படி என்று பார்ப்பவர் இரண்டாவது. சங்கத்தின் தொடர்பு வேண்டியிருக்கும் அதிகாரி, பத்திரிகையாளர், பொதுமக்கள் மூன்றாவது.

இவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாமாக ஊகிக்கத் தேவையில்லை. அலுவலகத் தொலைபேசியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். ஒரு மாதம் வந்த கேள்விகளை எல்லாம் கணக்கர் எழுதி வைத்தார். சந்தா எவ்வளவு, எங்கே கட்டுவது. அடுத்த கூட்டம் என்றைக்கு. தராசு முத்திரை எப்போது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படிப் புதுப்பிப்பது. வணிகர் நல வாரியத்தில் எப்படிச் சேருவது. திருவிழா நாளில் கடை உண்டா. சுற்றிச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தாம் வந்தன. அந்தக் கேள்விகளுக்கான பதில்களே எங்கள் தளம் ஆயின. வாழ்த்துரை போயிற்று.

எந்தச் சரக்கு நகர்கிறதோ அதைக் கைக்கெட்டும் தட்டில் வைப்பதும், எப்போதோ விற்பதைப் பரண்மேல் வைப்பதும் நமக்குக் கைவந்த கலை. இங்கும் அதுவேதான்.

முகவரி யார் பெயரில் இருக்கிறது?

இதுதான் அனைத்திலும் முக்கியம். 'டாட் இன்', 'டாட் ஆர்க்' என்று முடியும் தள முகவரியை நாம் விலைக்கு வாங்கிவிடுவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிவு செய்து வைத்துக் கொள்கிறோம், அவ்வளவுதான். ஒரே முறையில் அதிக அளவாகப் 10 ஆண்டுகள் வரை பதியலாம். கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

'டாட் காம்', 'டாட் ஆர்க்' போன்ற முகவரிகளில், கெடு தாண்டிய பிறகு பதிவு நிறுவனம் சில நாள் அவகாசம் தருவதுண்டு. அதையும் விட்டு, முகவரி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது. அதில் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் போய்விட்டால் மேலும் 5 நாளில் அது பொதுவில் விடப்படும். பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். பழைய முகவரிகளைக் குறிவைத்துக் காத்திருந்து எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. எங்கள் முகவரி போனது இப்படித்தான்.

ஆகவே கிளைகள் கவனிக்க வேண்டியவை:

1. முகவரிப் பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். செய்து கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவர் பெயரில் கூடாது. சங்கக் கட்டடத்தின் பத்திரம் தனிநபர் பெயரில் இருக்கச் சம்மதிப்போமா?

2. பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல் சங்கத்தின் பொது மின்னஞ்சலாக இருக்க வேண்டும். செயலாளர் மாறினாலும் அது மாறக் கூடாது.

3. கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். எழுதி உறையிலிட்டு, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் ஒரு பிரதி வைக்கலாம். நிர்வாகிகள் மாறும்போது, கணக்குப் புத்தகங்களையும் சாவிகளையும் ஒப்படைப்பது போல இதையும் கையெழுத்திட்டு ஒப்படைத்து, உடனே புதிய கடவுச்சொல் வைக்க வேண்டும்.

4. புதுப்பிக்கும் தேதியைப் பொருளாளர் தம் குறிப்பேட்டில், மின்கட்டணத் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

'டாட் இன்' முகவரிகள் 2005-ஆம் ஆண்டு முதல் அனைவரும் எளிதில் பதியும்படி திறந்துவிடப்பட்டன. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரியும் கிடைக்கிறது. ஆயினும் ரசீதில் அச்சடிக்கவும், தொலைபேசியில் வாயால் சொல்லவும், கேட்டவர் பிழையின்றித் தட்டவும் எளிதாக இருப்பதே நல்ல முகவரி. நீளமான பெயர் வேண்டாம்.

முதல் திரையில் என்ன வேண்டும்?

கைபேசியில் திறந்ததும் விரலால் தள்ளாமலே தெரிய வேண்டியவை ஐந்து: சங்கத்தின் முழுப் பெயரும் ஊரும், அலுவலக முகவரியும் திறந்திருக்கும் நேரமும், தொலைபேசி எண், அடுத்த கூட்டத்தின் நாள், இந்த வாரத்தின் முக்கிய அறிவிப்பு. இந்த ஐந்தும் இருந்தால் வருபவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்து போய்விடுவார்கள்.

ஊர்ப் பெயரை மக்கள் தேடும் விதங்களில் எல்லாம் எழுதுவது நல்லது. தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. பேச்சு வழக்கில் சுருக்கப் பெயர் இருந்தால் அதையும் ஓரிடத்தில். கூகுள் வரைபடத்தில் சங்க அலுவலகத்தைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. நேரமும் தொலைபேசி எண்ணும் தளத்திலும் வரைபடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மாநிலத் தலைமை வெளியிடும் செய்திகளை அப்படியே எடுத்து ஒட்டுவதால் பயனில்லை. தலைமைத் தளத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும். கிளைக்கென்று உள்ள வேலை வேறு. எந்தத் தெருவில் பாதாளச் சாக்கடைப் பணி, எந்த நாள் மின்தடை, மார்க்கெட் விடுமுறை எப்போது, லாரி எந்த நேரத்தில் உள்ளே வரலாம், மே 5 வணிகர் தினத்துக்கு வண்டி எங்கிருந்து புறப்படும் என்பவற்றைச் சொல்லக் கிளையைத் தவிர வேறு யாராலும் முடியாது.

தேதியில்லாத அறிவிப்பு காலாவதிச் சரக்கு

பொட்டலத்தின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லாவிட்டால் நாம் சரக்கை இறக்குவோமா? அறிவிப்புக்கும் அதே விதிதான். ஒவ்வொரு அறிவிப்பிலும் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். எதுவரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். நாள் கடந்ததும் முகப்பிலிருந்து எடுத்து, 'பழைய அறிவிப்புகள்' என்ற பகுதியில் போட்டுவிட வேண்டும். அழித்துவிட வேண்டாம், பிறகு கணக்குக்கும் சாட்சிக்கும் தேவைப்படும்.

வரி விஷயத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. ஓர் உதாரணம். முன்பு, பதிவு பெற்ற பிராண்டு பெயரில் பையிலிட்ட அரிசி, பருப்புக்கே 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றிருந்தது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பையிலிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு, 25 கிலோ வரையான பை என்றால், பிராண்டு இல்லாவிட்டாலும் 5 சதவீதம் என்றாயிற்று. சில்லரையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரியில்லை. அதற்குமுன் எழுதிய குறிப்பு ஒரு கிளையின் தளத்தில் தேதியில்லாமல் கிடந்திருந்தால், அதை நம்பிய கடைக்காரர் தவறாகப் பில் போட்டிருப்பார். அடுத்து 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், பிஸ்கட், சோப்பு, பற்பசை எனப் பல சரக்குகளின் விகிதம் 5 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குமுன் போட்ட விகிதப் பட்டியலை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் தளம் உறுப்பினருக்கு உதவவில்லை, இடைஞ்சல் செய்கிறது.

மாறாத தேதிகளைத் தனியே ஒரு பக்கத்தில் வைக்கலாம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர். 3-பி அடுத்த மாதம் 20-ஆம் தேதி. காலாண்டுத் திட்டத்தில் உள்ள தமிழ்நாட்டு வணிகர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. காம்போசிஷன் திட்டத்தினர் காலாண்டுக்குக் கட்ட 18. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை. அரசு கெடுவை நீட்டித்தால் அதே பக்கத்தில் அன்றே, தேதியிட்டு எழுத வேண்டும். அரசு அறிவிப்பின் இணைப்பையும் அருகில் கொடுத்துவிட்டால், 'சங்கம் சொன்னது' என்பதோடு 'அரசு சொன்னது' என்பதும் உறுப்பினர் கைக்குப் போய்விடும்.

தமிழில், எழுத்தாகவே

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தளத்தைப் பார்ப்பது கல்லாவில் உட்கார்ந்தபடி, கைபேசியில், வாடிக்கையாளர்களுக்கு நடுவில். ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வாக்கியம் சிறிதாக இருக்க வேண்டும்.

சுற்றறிக்கையைப் படம் பிடித்து அப்படியே போட்டுவிடும் பழக்கம் பல கிளைகளில் இருக்கிறது. அதைச் சின்னத் திரையில் படிக்க முடியாது. அதில் உள்ள சொல்லைத் தேடினாலும் சிக்காது. எழுத்தாகவே தட்டச்சு செய்து போட வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை நேராக ஏற்றினால் கைபேசியில் குப்பை எழுத்துகளாகத் தெரியும். தமிழ் 1991-லேயே யுனிகோடில் இடம் பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சகத்தில் சுற்றறிக்கை அடிக்கும்போதே யுனிகோடு பிரதி ஒன்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குவது எளிது.

கைபேசியில் எடுத்த புகைப்படம் பல எம்.பி. அளவு இருக்கும். அப்படிப் பத்துப் படங்களைப் போட்டால் சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்கவே திறக்காது. படங்களைச் சுருக்கிப் போட வேண்டும். படிவங்கள் மட்டும் பி.டி.எஃப்.பாக இருக்கலாம், அவை அச்சடித்துக் கையெழுத்திட வேண்டியவை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கேள்வி எங்கள் செயற்குழுவிலேயே வந்தது. நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போகிறது. ஆனால் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்தும் போகிறது. எது சங்கம் சொன்னது, எது யாரோ அனுப்பியது என்றும் தெரிவதில்லை.

10 ரூபாய் நாணயம் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். செல்லாது என்று கிளம்பிய வதந்தியால் கடைகளில் வாங்க மறுத்தார்கள். வாடிக்கையாளரோடு சண்டை வந்தது. வாங்கியவர்களிடம் நாணயம் மூட்டையாகத் தேங்கியது. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-இல் 14 வகை வடிவங்களும் செல்லும் என்று மீண்டும் தெளிவாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் தயக்கம் தீரவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் தேதியிட்டு, ரிசர்வ் வங்கி அறிவிப்பின் இணைப்போடு, சங்கத்தின் தளத்தில் நான்கு வரி இருந்தால், கடைக்காரர் அதை வாடிக்கையாளரிடம் காட்டலாம். வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்கு அந்த மதிப்பு கிடையாது.

எனவே இரண்டும் வேண்டும். எங்கள் வழக்கம் இதுதான்: முழு அறிவிப்பு முதலில் தளத்தில் ஏறும், குழுவில் ஒரு வரியும் தளத்தின் இணைப்பும் மட்டும் போகும். திருத்தம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பணமும் உறுப்பினர் விவரமும்

சங்கம் நம்பிக்கையில் நடப்பது. அதனால் இந்தப் பகுதியில் இரட்டிப்புக் கவனம் தேவை.

உறுப்பினர் பட்டியலைப் போடும்போது கடைப் பெயர், தெரு, சரக்கு வகை ஆகியவை போதும். வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண், ஆதார் விவரம், குடும்பப் படம் எதுவும் வேண்டாம். எண் போட விரும்புகிறவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிப் போடலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-இல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மை நம்பிக் கொடுத்த விவரத்தை நடுத்தெருவில் ஒட்டுவது முறையாகாது.

சந்தாவுக்கான வங்கிக் கணக்கையோ கியூ.ஆர். படத்தையோ தளத்தில் போட்டால், அது சங்கத்தின் பெயரில் உள்ள கணக்காகவே இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு ஒரு நாளைக்கும் கூடாது. பணம் அனுப்புமுன் திரையில் சங்கத்தின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கும்படி அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை பொருளாளரே அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஏமாற்று நடந்ததாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணையும் தளத்தில் போட்டு வைக்கலாம்.

முகவரியின் முன்னால் பூட்டுச் சின்னமோ பாதுகாப்புக் குறியோ வரும்படி செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. அப்படியொரு எச்சரிக்கையைப் பார்த்த உறுப்பினர் சந்தா கட்டுவாரா?

தளத்தின் முழுப் பிரதியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, அலுவலகத்தில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாக வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பேரேடுகளையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாக இழந்த சென்னை வணிகர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் விலை தெரியும்.

யார் பார்த்துக் கொள்வது?

நம் கிளைகளில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லோரும் கடையைப் பார்த்துக் கொண்டு, மிச்ச நேரத்தில் சங்க வேலை பார்ப்பவர்கள். "கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக் கொள்வான்" என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலான தளங்கள் பாழாவதற்குக் காரணம். பையனைக் குறை சொல்வதற்கில்லை. அவனுக்குப் பரீட்சை வரும், வேலை வரும், கல்யாணம் ஆகும்.

நாங்கள் வேலையை மூன்றாகப் பிரித்தோம். செய்தி சேகரிப்பவர் ஒருவர்; அவர் கூட்டங்களுக்கும் அலுவலகங்களுக்கும் போய் வருபவர். எழுதிச் சரிபார்ப்பவர் ஒருவர்; எங்கள் கிளையில் இவர் ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. ஒரு எண் தப்ப விடமாட்டார். ஏற்றுபவர்கள் இருவர், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். திங்கட்கிழமை மாலை அரை மணி நேரம், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும், தளத்தை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்க்கிறார்கள். பார்த்ததற்கு அடையாளமாக அடியில் அன்றைய தேதியை மாற்றுகிறார்கள்.

இந்தப் பொறுப்பைத் தீர்மானமாக எழுதிச் செயற்குழுக் குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறோம். மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்ததும் தளத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசுகிறோம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகவரிப் பதிவுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். தளத்தை வைக்கும் இடத்துக்கு வாடகை தனி. ஆடம்பரமான வடிவமைப்புக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம், எங்களுக்கு வேண்டியது ஆறு பக்கம், நாங்களே மாற்றிக் கொள்ளும்படி வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு வரியைத் திருத்தக்கூட வெளி ஆளைக் கூப்பிட வேண்டிய தளம் நமக்கு ஒத்துவராது.

ஒரு சின்னச் சோதனை

தளம் நன்றாக இருக்கிறதா என்று நிர்வாகிகளே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இணையத்தில் அதிகம் பழக்கமில்லாத ஓர் உறுப்பினரை அழைத்து, அவருடைய கைபேசியிலேயே மூன்று விஷயங்களைத் தேடச் சொல்லுங்கள்: அடுத்த கூட்டம் என்றைக்கு, சந்தா எவ்வளவு, சேருவதற்குப் படிவம் எங்கே. நாம் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறை நம்முடையது.

நாங்கள் இந்தச் சோதனைக்கு முதலில் அழைத்தது, அபராதம் கட்டிய அதே உறுப்பினரை. தயக்கத்தோடுதான் கேட்டோம். வந்தார். கூட்டத் தேதியைக் கண்டுபிடித்தார். சந்தாத் தொகையையும் கண்டுபிடித்தார். படிவத்துக்கான இணைப்பு பொடி எழுத்தில் இருந்ததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டார். அன்று மாலையே எழுத்தைப் பெரிதாக்கினோம். கிளம்பும்போது தராசு முகாம் பக்கத்தைத் தாமாகவே திறந்து பார்த்தார். நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருந்தன. "இது சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளை நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்வது ஒன்றுதான். இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் கிளையின் தளத்தைத் திறந்து பாருங்கள். முகவரி யார் பெயரில் இருக்கிறது, என்றைக்குக் கெடு, முகப்பில் உள்ள தேதி எந்த ஆண்டுக்குரியது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த செயற்குழுவில் வாசியுங்கள். அதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எங்களைக் கேட்டால் சொல்லுவோம்.